எதிரே நிற்பது என்ன

என் எழுத்து கோணல், பாதி மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கீழக்குயில்குடிக்குப் போகும் வாடகைக் காரில், டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறேன். பொழுது மங்குகிறது. பசுமலை தாண்டியதும் அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்கிறார்.

“ஆத்தா, முன்னால தெரியிறது மாட்டுவண்டியா, மரத்து நிழலா?”

“வண்டி தம்பி, வண்டி! நிப்பாட்டு!”

பிரேக் கிறீச்சிடுகிறது. வண்டியில் தொங்கும் வைக்கோல் எங்கள் கண்ணாடியில் உரசுகிறது.

“கண்ணு தெரியாம லைசென்ஸ் எப்படிப்பா குடுத்தாக?”

“கண்ணு டெஸ்ட்டுல எனக்கு முன்னால நின்னவரு எழுத்து போர்டை வாசிச்சாரு. அதையே நானும் ஒப்பிச்சேன்,” என்று சிரிக்கிறார். “அதுக்கப்புறம் யாரு கேக்குறா?”

இறக்கிவிடச் சொல்ல வாய் வரவில்லை. ஆடு, சைக்கிள், ஆள் என்று வழியெல்லாம் நானே பார்த்துச் சொல்லிக்கொண்டு வருகிறேன். என் ஒரு கண்ணில் புரை இருப்பது அவருக்குத் தெரியாது. லைசென்ஸுக்குக் கண் சோதனை இவ்வளவுதானா? விவரம் தெரிந்தவர்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.