நீலக்கழுத்தின் கொட்டாவி

யாரோடு நின்று பேசினாலும் அண்ணன் நடுவில் அரையடி நகர்ந்துகொள்வான். பேசுகிறவரின் தலைக்குப் பின்னால் விளக்குக் கம்பமோ குழாயோ தெரிந்தால் அவனுக்குப் பேச்சே ஓடாது. தலையில் கம்பம் முளைத்ததுபோல் படம் விழுந்துவிடும் என்ற பயம், போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்த நாளில் தொற்றியது. கையில் கேமரா இல்லாதபோதும் விடவில்லை. அவன் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறான் என்றே எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்.

ஸ்டூடியோவில் அவன் எடுத்ததெல்லாம் பாஸ்போர்ட் அளவுப் படங்கள்தான். காது இரண்டும் தெரிய வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், பின்னால் வெள்ளைத் துணி. நன்றாக எடுத்தாய் என்று ஒருவரும் சொன்னதில்லை. படத்தைக் கையில் வாங்கியதும் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "நான் இப்படியா இருக்கேன்?" கடைசியில் செல்போன் அந்தப் பிழைப்பையும் விழுங்கியது. முதலாளி கடையைக் காலி செய்தபோது கணினியும் அதிலிருந்த முகங்களும் அவரோடு போயின.

அப்போதுதான் தங்கை வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். இணையத்தில் செருப்பும் ஷூவும் விற்கும் நிறுவனத்தில் கணக்குப் பிரிவு. வீடு அவள் ஒருத்தியின் சம்பளத்தில் நின்றது. கூட வேலை பார்ப்பவள் வேண்டாமென்று தள்ளிய வீடியோ கேம் பெட்டியை, அண்ணனுக்குப் பொழுது போகட்டும் என்று தூக்கி வந்ததும் அவள்தான்.

அந்த கேமில் வெட்டு, சுடு எதுவும் கிடையாது. தண்டவாளத்தில் ஊரும் சின்ன வண்டியில் உட்கார்ந்துகொண்டு, காட்டிலும் ஏரியிலும் திரியும் விசித்திரப் பிராணிகளைப் படம் எடுக்க வேண்டும். பிராணி எவ்வளவு பெரிதாக, எவ்வளவு நடுவில், என்ன செய்துகொண்டிருக்கும்போது விழுந்திருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் வரும்.

ஆரம்பத்தில் அண்ணன் மண்ணைக் கவ்விக்கொண்டே இருந்தான். பிராணி நேராகப் பார்த்து வாயை மூடும்வரை காத்திருந்து எடுப்பான். வாய் திறந்திருந்த படங்களைக் கைப்பழக்கத்தில் அழித்துவிடுவான். கேம் கேட்டதோ பாய்ச்சலும் உறுமலும்.

"அண்ணா, அதுங்க எந்த நாட்டுக்கும் விசா கேக்கல," என்றாள் தங்கை.

அவன் சிரிக்கவில்லை. ஆனால் கைப்பழக்கம் மாறியது. ஏரியில் எந்நேரமும் தூங்கிக் கிடக்கும் நீலக்கழுத்து என்ற பிராணி கண் விழித்துக் கொட்டாவி விடும் அந்த ஒரு கணத்தை, திறந்த வாய்க்குள் விடியல் வெளிச்சம் விழும்படி எடுத்தான். கேம் ஆடுகிறவர்கள் பகிர்ந்துகொள்ளும் பக்கத்தில் அதைப் போட்டான். முன்பின் தெரியாத ஆட்கள் வந்து புகழ்ந்தார்கள். அன்று சாப்பிடும்போது அவன் பேசிக்கொண்டே இருந்தான். அம்மா இரண்டாம் முறை பரிமாறியதைக்கூடக் கவனிக்கவில்லை.

தங்கையின் நிறுவனத்தில் படப்பிரிவுக்கு ஆள் தேவைப்பட்டது. அவள் மேலாளரிடம் நாலு தடவை நடந்து பேசினாள். எடுத்ததில் நல்ல படங்களாகக் கொண்டுவரச் சொன்னார் அவர். என்னிடம் இருக்கிறது என்றான் அண்ணன். என்ன படங்கள் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மேலாளரின் அறையில் அவன் செல்போனை நீட்டியபோதுதான் அவள் எட்டிப் பார்த்தாள். முதல் படமே நீலக்கழுத்து.

"என்னங்க இது, பொம்மைப் படம்?" என்றார் மேலாளர்.

கேமில் வெளிச்சத்துக்காக எங்கே காத்திருந்தேன், பிராணியை எப்படி நடுவில் கொண்டுவந்தேன் என்று அண்ணன் பொறுமையாக விளக்கத் தொடங்கினான். மேலாளருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்போ சோபாவுல உக்காந்தே எடுத்தது."

அண்ணன் திரும்பித் தங்கையைப் பார்த்தான். அந்தப் படம் நன்றாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் வேலை கைநழுவும் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றவைத்தது பயமா, படித்த படிப்பா என்பது இன்றுவரை அவளுக்குப் பிடிபடவில்லை. அவள் யோசித்து முடிப்பதற்குள் அவனே முந்திக்கொண்டான்.

"சும்மா வெளையாட்டுக்குக் காட்டினேன் சார். ஒரு ஷூ குடுங்க, எடுத்துக் காட்டுறேன்."

எடுத்துக் காட்டினான். வேலை கிடைத்தது.

இப்போது நாள் முழுக்க வெள்ளைத் தாளின் மேல் ஒற்றைச் செருப்பு. அதை எடுத்து முடித்தால் அடுத்த செருப்பு. எதுவும் கண் விழிப்பதில்லை. சம்பளம் சரியாக வருகிறது, அம்மாவுக்கு நிம்மதி. கேம் பெட்டியை அவன் தொடுவதே இல்லை.

பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அம்மா சொன்னதால், ஒரு விடுமுறை நாளில் தங்கை அதை ஓடவிட்டுப் பார்த்தாள். பகிர்ந்துகொள்ளும் பக்கத்தில் நீலக்கழுத்துப் படத்தின் கீழே, ராக்கோழி என்ற பெயரில் யாரோ கேட்டிருந்தார்கள்: "அண்ணா, இத எப்படி எழுப்புனீங்க? நானும் என்னென்னமோ பண்றேன், கண்ணே தொறக்க மாட்டேங்குது." மேலாளரைப் பார்க்கப் போவதற்கு முதல் நாள் அண்ணன் பதில் போட்டிருந்தான்: "அது பெரிய கதை. ஞாயித்துக்கிழமை விவரமா சொல்றேன்." அதற்குக் கீழே ராக்கோழியின் குரல் மட்டும். ஞாயிறு வந்துவிட்டது அண்ணா. இந்த ஞாயிறா அண்ணா? உடம்புக்கு ஒன்றும் இல்லையே அண்ணா?

"பாவம்ணா. ஒரு வரி எழுதிப் போடேன்."

அவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"அது நான் எடுத்தது இல்லன்னு எழுதிடு."

அவள் எழுதவில்லை. எழுப்பும் வழியைத் தானே கண்டுபிடித்துச் சொல்லிவிடலாம் என்று கேம் வண்டியில் ஏறி ஏரிக்குப் போனாள். வண்டி எத்தனை முறை சுற்றி வந்தும் நீலக்கழுத்து தூங்கிக்கொண்டே இருந்தது. அம்மா பெட்டியை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. போன ஞாயிறும் ராக்கோழி வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறது.