கட்டிலுக்குப் பின்னால் விறகு

இரண்டு விறகுக் கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்கிறார் செல்லப்பன். ‘டங்’ என்றால் காய்ந்தது. அது அடுக்கில் முன்வரிசைக்குப் போகும். ‘தொப்’ என்று அமுங்கினால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, அது பின்வரிசைக்கு. அதோடு விடுவதில்லை. வெட்டிய முனையை மூக்கருகே கொண்டுபோய் ஒரு தரம் மோந்தும் பார்ப்பார். எதிரே நாகலூர் பஸ் நிறுத்தத்தில் நிற்கிற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அவரே திரும்பிப் பார்த்து எடுத்துக்கொடுப்பார்: “நல்லா சிரிங்க. அன்னைக்குப் பொண்டாட்டிய ஊட்ட விட்டு அனுப்பிப்போட்டு, இன்னைக்கு வெறக மோந்துட்டு நிக்கறவன வேற எந்த ஊர்ல போய்ப் பாப்பீங்க?”

வயது ஐம்பத்தெட்டு. குரங்குக் குல்லாவைச் சித்திரை வெயிலிலும் கழற்றாத மனிதர். பக்கத்து எஸ்டேட்டில் காப்பி காயவைக்கும் களத்துக்கு அவர்தான் மேஸ்திரி. அங்கே அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஒரு கொட்டையைக் கடைவாயில் வைத்துக் கடித்தால் போதும், மூட்டை கட்டலாமா இன்னொரு வெயில் வேண்டுமா என்று சொல்லிவிடுவார். மூட்டையில் பூஞ்சை வாடை தட்டினால் வியாபாரி வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவான் என்பதால், எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர்கூட அவர் மூக்கைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். இப்படிப்பட்ட மூக்கு, சொந்த வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தூங்கிவிட்டது. அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதும் அவரேதான்.

வீட்டில் கேஸ் இருக்கிறது. ஆனால் ஏற்காட்டுக் குளிரில் குளிக்க வெந்நீர் வேண்டும், களி கிண்ட விறகடுப்புதான் வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். எஸ்டேட்டில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரங்களின் கிளைகளை மழைக்கு முன்னால் கழித்துவிடுவார்கள். போன வருஷம் அதில் ஒரு டெம்போ நிறைய இவருக்குக் கிடைத்தது. பச்சை விறகு. பிளந்து காற்றாட விட்டிருந்தால் கதையே இல்லை. செல்லப்பன் அதை முழுசு முழுசாகத் தரையில் அடுக்கினார். மேலே நீலத் தார்ப்பாயைப் போட்டு, நாலு பக்கமும் தரை வரைக்கும் இழுத்துவிட்டு, ஓரத்தில் செங்கல் வைத்து அழுத்தினார். மழையை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் அன்று இரண்டு டீ குடித்தார்.

ஐப்பசியில் பாயைத் தூக்கிப் பார்த்தபோது விறகின் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை பூத்திருந்தது. ஒரு கட்டையில் காளானே முளைத்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே புத்தி வந்திருக்கும். இவருக்கு வந்த யோசனை வேறு. வெளியே வைத்தால்தானே கெடுகிறது, உள்ளே வைத்தால்? அத்தனை கட்டைகளையும் வீட்டுக்குள் தூக்கி வந்து, கட்டிலுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி, கூரை உயரத்துக்கு அடுக்கிவிட்டார். அந்த அறைக்கு இருந்த ஒரே ஜன்னலும் விறகுக்குப் பின்னால் மறைந்துபோயிற்று.

“எங்க ரெண்டு பேருக்கும் கட்டலு, வெறகுக்கு மாடி கட்டுன மெத்தை ஊடு. அப்படிப் பாத்துக்கிட்டேனுங்க” என்பார் இப்போது.

பதினைந்து நாளில் அவர் மனைவி பாவாயிக்கு இருமல் ஆரம்பித்தது. மூடுபனிதான் காரணம் என்றார் செல்லப்பன். பிறகு இளைப்பு வந்தது. படுத்தால் நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம். விறகை வெளியே தூக்கிப் போடச் சொன்னாள். அப்போது இவர் சொன்ன பதிலை இன்று நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்கிறார்.

“மலை உச்சியில சேர்வராயன் சாமியே குகைக்குள்ள ஈரத்துலதான் குடியிருக்கறாரு. அவருக்கு என்ன இளைப்பா வந்துருச்சு?”

“அவரு கட்டலுக்குப் பின்னாடி யாரும் வெறகு அடுக்குலீங்க” என்றாள் பாவாயி.

சேலத்தில் டாக்டரிடம் போனார்கள். வீட்டுக்குள் பூஞ்சை பிடித்த பொருள் ஏதாவது இருக்கிறதா என்றுதான் அவர் முதலில் கேட்டார். பாவாயி புருஷனைப் பார்த்தாள். செல்லப்பன் கூரையில் சுற்றிய ஃபேனைப் பார்த்தார். மருந்தும் இளைப்பு வந்தால் இழுக்கிற உறிஞ்சு குழாயும் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், குப்பனூரில் பஸ் நின்றதும் பாவாயி பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அங்கே அவள் தங்கை சென்னம்மாள் வீடு இருக்கிறது.

“ஒரே ஊட்ல ஒண்ணு நானு இருக்கோணும், இல்ல உங்க வெறகு இருக்கோணும். மூச்சு உட முடியாத ஊட்டுக்கு நான் வரமாட்டனுங்க. ரோசனை பண்ணிச் சொல்லுங்க.”

பஸ்ஸில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ‘நான் விறகைத் தூக்கிப் போட்டுவிடுகிறேன்’ என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கண்டக்டர் சிரித்துவிட்டார். மேஸ்திரிக்கு ரோஷம் வந்துவிட்டது. பாவாயி இல்லாத வீட்டுக்கு வந்து, அந்த ரோஷத்தோடு தனியாகப் படுத்துக்கொண்டார். விசில் சத்தம் இல்லாத அந்த அறை அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் இல்லாமல் அவர் களி கிண்டியதில்லை. இப்போது கிண்டியது களியாகவும் வரவில்லை.

தை மாதம் களத்தில் காப்பி பரப்பியிருந்தார்கள். பனிக்காக இரவு தார்ப்பாய் போட்டு மூடுவது வழக்கம். வெயில் ஏறியதும் முதல் வேலையாக அதை எடுத்துவிட வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஜீவானந்தம், நாற்பது வயது ஆள், அன்று அதை மறந்துவிட்டான். செல்லப்பன் ருத்ர தாண்டவம் ஆடிவிட்டார்.

“ஏம்ப்பா, நாலு பக்கமும் அமுக்கி மூடி வெச்சா உள்ள இருக்கற ஈரம் எங்க போகும்? வேர்த்துப் புழுங்கிப் பூஞ்சதான் புடிக்கும்! காத்து வேண்டாமா அதுக்கு? இதுகூடத் தெரியாதவன் எதுக்கு இந்த மலையில…”

பேச்சு பாதியில் நின்றுவிட்டது. வாய் திறந்தபடியே இருந்தது. சுற்றியிருந்தவர்கள் நெஞ்சுவலியோ என்று பயந்துபோனார்கள். செல்லப்பன் மெதுவாகக் குல்லாவைக் கழற்றினார்.

“இப்ப நான் சொன்னதை அப்படியே என்னையப் பாத்து ஒருக்காச் சொல்லு” என்றார்.

“மேஸ்திரி?”

“சொல்லுப்பா. நான் திட்டுனா எனக்கு ஒறைக்க மாட்டேங்குது.”

ஜீவானந்தம் சொன்னான். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு கொஞ்சம் ரசித்தே சொன்னான். தன் ஆயுளில் தான் வாங்கிய திட்டுகளிலேயே நியாயமானது அதுதான் என்பது செல்லப்பனின் கருத்து.

அன்று சாயங்காலமே மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு விறகை வெளியேற்றினார். உளுத்துப்போனவை எருக்குழிக்குப் போயின. மேலோடு மட்டும் பூஞ்சை பிடித்தவற்றை வீட்டை விட்டுத் தள்ளி, வெயிலில் போட்டுத் தேய்த்துவிட்டு, இரண்டாகவும் நாலாகவும் பிளந்தார். காற்று வீசுகிற பக்கமாகக் கல் பரப்பி, அதன்மேல் குறுக்கே கட்டைகள் போட்டு, தரை ஈரம் ஏறாதபடி ஒரு மேடை கட்டினார். மேலே மட்டும் தகரம், நாலு பக்கமும் திறந்த வெளி. கட்டைக்குக் கட்டை இடைவெளி. வீட்டுக்குள் போவது அன்றன்றைக்கு எரிக்கிற அளவு மட்டும். வேலை முடிந்ததும் குப்பனூருக்குப் போன் போட்டார்.

“வெறகு வெளிய போயிருச்சு, பாவாயி.”

“செவுரு?”

“செவுரு… அது உள்ளதான இருக்குது?”

போன் துண்டிக்கப்பட்டது. அவர் திரும்பிப் பார்த்தார். விறகு நின்ற இடத்தில் சுவர் முழுக்கப் பச்சை படர்ந்திருந்தது. விறகு போனாலும் அது தன் பங்கைச் சுவரில் விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது. சோப்புத் தண்ணீரில் நனைத்துச் சுரண்டினார். திறக்க மறுத்த ஜன்னலை உளி வைத்துத் திறந்தார். சுவர் மேலாகக் காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்தார். பொறுக்கமாட்டாமல் சீக்கிரமே அடித்துவிட்டதால் அது பொருக்குத் தட்டி உதிர்ந்தது. “காப்பிய அவசரப்பட்டு மூட்டை கட்டுனா தொலைச்சுப்போடுவேன்னு ஊரையே மெரட்டறவனுங்க நானு” என்று தன்னைத்தானே மறுபடி திட்டிக்கொண்டு, முழுவதையும் சுரண்டிப்போட்டு, வெயிலுக்குக் காத்திருந்து, இன்னொரு முறை அடித்தார். தினமும் போன். தினமும் பாவாயி சுவரைப் பற்றித்தான் விசாரித்தாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அவருக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் பாவாயி நாகலூர் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். செல்லப்பன் ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டார். பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டு வாசல் வரை அவர் வாய் ஓயவில்லை. தகரம், மேடை, இடைவெளி, இரண்டாம் சுண்ணாம்பு என்று எல்லாவற்றையும் ஒப்பித்தார். தன்னைப்போல ஒரு மடையன் இந்த மலையில் இல்லை என்பதை நடுநடுவே சேர்த்துக்கொண்டார். பாவாயி பையைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் உள்ளே வைக்கவும் சொல்லவில்லை. கையில் உறிஞ்சு குழாயை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

நேராக அறைக்குள் போனாள். கட்டிலைச் சுற்றிப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். ஜன்னல் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். அது விசில் சத்தம் இல்லாமல் வெளியே வந்த பிறகுதான், பையைக் கீழே வைக்காமல் வாசற்படியில் நின்றிருந்த செல்லப்பன் தன் மூச்சை விட்டார்.