மாவுச் சல்லடையும் ஷீட்டுப் பொடியும்

முதலில் வந்தது வலி என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு பிடிப்பு. நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து ரவிக்கை தைக்க வந்த டீச்சரம்மாவுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். டேப்பை அவர் தோளில் வைக்கக் கையைத் தூக்கியதும் வலது விலாவில் சுருக்கென்றது. நாள் முழுக்கத் தையல் மெஷின் மிதிக்கிறவளுக்குப் பிடிப்பு வராமல் இருக்குமா என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். மழைக்காலம் வருவதற்குள் மெஷினை மிதித்தாலே மூச்சு வாங்கியது.

இதை யாருடைய அனுதாபத்துக்காகவும் எழுதவில்லை. பழைய வீடு வாங்கப் போகிறவர்களுக்கும், வாங்கிய வீட்டைப் பிரித்துக் கட்டப் போகிறவர்களுக்கும் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதைக் குறைத்துக்கொள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை.

என் பெயர் கஸ்தூரி. என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தவர். பர்மனன்ட் ஆனால்தான் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். அதனால் கல்யாணமான புதிதிலேயே, எண்பதுகளில், பக்கத்து ஊரான வடக்குத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். செங்கல் சுவர், மேலே சிமெண்ட் ஷீட். அவரும் ஷிப்ட் முடிந்து வந்த அவர் கூட்டாளிகளும் ஷீட்டை ரம்பத்தால் அறுத்து, அடுப்படியை நீட்டிக் கொடுத்தார்கள். அறுக்கும்போது வெள்ளைப் பொடி பறந்தது. நான் பெருக்கி எடுத்தேன்.

அந்தப் பொடியை நான் கொட்டிவிடவில்லை. மாவு சலிக்கிற சல்லடையில் சலித்து டப்பாவில் வைத்துக்கொண்டேன். ஐப்பசி மழைக்கு முன்னால் வருஷா வருஷம் கூரையில் ஏறி, கம்பி பிரஷால் பாசியைத் தேய்ப்பேன். அந்தப் பொடியைச் சிமெண்டோடு குழைத்து ஆணி ஓட்டைகளை அடைப்பேன். ஒரு சொட்டு ஒழுகாது. தெருவே என்னைக் கெட்டிக்காரி என்றது. அக்கம்பக்கத்தவர்கள் வந்து கேட்டுக்கொண்டு போவார்கள்.

எங்கள் ஊரில் தூசி என்றால் அது கருப்பு. நிலக்கரித் தூசி. கொடியில் காயும் துணியை உதறுவோம், குழந்தை மூக்கைத் துடைப்போம், ஷிப்ட் முடித்து வருகிற ஆம்பளையை வாசலிலேயே கால் கழுவ வைப்போம். வெள்ளைத் தூசியைப் பார்த்துப் பயப்பட எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது மாவு மாதிரி சுத்தமாகத் தெரிந்தது.

முதலில் போன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள்.

"எந்த ஊரும்மா?"

"நெய்வேலிங்க. வடக்குத்து."

"மைன்ஸ் வேலையா?"

"வூட்டுக்காரர் மைன்ஸ்ங்க. நான் தையல் தெக்கிறேன்."

அவ்வளவுதான் விசாரணை. கரித்தூசி ஒத்துக்கொள்ளவில்லை, காசநோயாகவும் இருக்கலாம் என்று சொல்லி, நீரை எடுத்துவிட்டு மாத்திரை எழுதினார்கள். சளியில் கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்த பிறகும் மாத்திரையை நிறுத்தவில்லை. சிறுநீர் சிவப்பாகப் போனது. வாயில் எதை வைத்தாலும் குமட்டியது. தெருவில் எனக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். ரவிக்கை கொடுத்திருந்தவர்கள் ஆள் அனுப்பித் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இல்லாத நோய்க்கு அரை வருஷத்துக்கு மேல் விஷம் மாதிரி மாத்திரை தின்றேன்.

நீர் மறுபடியும் கோத்தது. என் வீட்டுக்காரர் என்னைச் சென்னைக்கு அழைத்துப் போனார். அங்கே பயாப்ஸி (சதையில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். ரிசல்ட் வந்த காலையில், வெள்ளைத் தாடி வைத்த ஒரு டாக்டர் என் கட்டில் ஓரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வீட்டுக் கூரை என்னம்மா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சுவலிக்குக் கூரையை எதற்குக் கேட்கிறார்?

"சிமெண்ட் ஷீட்டுங்க."

"அதை அறுத்தது, உடைச்சது உண்டா?"

"அறுத்ததெல்லாம் அவருங்க. வருஷா வருஷம் பாசி தேய்க்கிறது நான்தான். பொடிய சலிச்சு வெச்சிகினு ஓட்டைய அடைப்பேன்." பெருமையாகத்தான் சொன்னேன்.

டாக்டர் அதை என் ஃபைலில் எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார். "அது வெறும் சிமெண்ட் இல்லம்மா. உள்ள ஆஸ்பெஸ்டாஸ் இருக்கு."

ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார், பூமியிலிருந்து எடுக்கிற ஒரு நார்க்கல்) கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக உடையுமாம். மூச்சோடு உள்ளே போனால் வெளியே வராதாம். எனக்கு வந்திருப்பது மீசோதீலியோமா (நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் வரும் புற்றுநோய்). உள்ளே போன நார் இருபது, முப்பது வருஷம் சும்மா கிடந்துவிட்டுத்தான் வேலையைக் காட்டும் என்றார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

எனக்கு என் நினைப்பு வரவில்லை. என் மகன் செந்திலின் நினைப்பு வந்தது. காடாம்புலியூரில் அவன் ஒரு பழைய வீடு வாங்கியிருந்தான். அதுவும் ஷீட் போட்ட வீடு. கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போடப் போகிறான். ஆடி பிறந்துவிட்டால் வேலை தொடங்கக் கூடாது என்று, அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் ஆனிக்குள்ளேயே நாள் குறித்திருந்தார்கள். அந்த நாள் அன்றைக்குத்தான்.

வராந்தாவுக்கு ஓடிப் போய் போன் போட்டேன். ஓடினேன் என்றா சொன்னேன்? சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"டேய், கூரையில கைய வெக்காத!"

"பாதி எறக்கியாச்சும்மா. சம்மட்டியால ஒரு தட்டு தட்டினா பொலபொலன்னு வருது."

"பாப்பா எங்க?"

"இங்கதான் இருக்குது. ஒடஞ்ச துண்ட வெச்சிகினு தரையில கோலம் போட்டுகினு இருக்குது."

வெள்ளையாகக் கோடு விழுமல்லவா, சாக்பீஸ் மாதிரி. அதற்குள் மருமகள் போனை வாங்கினாள்.

"அத்த, ஒடம்பு எப்டி இருக்குது? நீங்க சொன்ன மாதிரியே பொடிய வீணாக்காம சலிச்சு, பால்பவுடர் டப்பால எடுத்து வெச்சிருக்கேன்."

அந்த வராந்தாவில் நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போடி, குளிக்க வை, துணியை நனைத்துப் போடு என்று கத்தினேன். அவள் பயந்து அழுதாள். நான் சொல்லிக்கொடுத்த கெட்டிக்காரத்தனம் என் பேத்தியின் மூக்குக்குள் போய்க்கொண்டிருந்தது.

மீதிக் கூரையை எப்படி இறக்குவது என்று அதே டாக்டர் போனில் செந்திலுக்குச் சொன்னார். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். சம்மட்டியும் ரம்பமும் கூடவே கூடாது. தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துக்கொண்டு, போல்ட்டைக் கழற்றி, ஷீட்டை முழுசாக இறக்குங்கள். விழுந்த பொடியை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள், தூசிக்கென்றே விற்கிற நல்ல மாஸ்க் வேண்டும். பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. விவரம் தெரிந்த ஆளை வைத்து இறக்குவதுதான் நல்லது. உடையாமல் உறுதியாக இருக்கிற கூரையை நோண்டாமல் விட்டுவிடுங்கள், முக்கியமாகப் பாசி தேய்க்காதீர்கள். வீடு வாங்குமுன் கிணறு, வாஸ்து எல்லாம் பார்க்கிறீர்களே, கூரையும் தடுப்புப் பலகையும் பழைய பைப்பும் எதனால் ஆனது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கூரை பிரிக்க வந்த மேஸ்திரிக்குக் கோபம். "எத்தினி வூடு பிரிச்சிருக்கோம், எங்களுக்கு ஒண்ணும் ஆவலியே" என்று போனில் என்னிடமே கேட்டார்.

"எனக்கும் முப்பது வருஷமா ஒண்ணும் ஆவலிங்க" என்றேன். அதற்கப்புறம் அவர் ஷீட்டில் தண்ணீர் தெளித்தார்.

இறக்கிய ஷீட்டுகளைத் தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்தாயிற்று. எங்கே கொண்டுபோய்ப் போடுவது? கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். "சேத்துல போட்டு மிதிச்சிடுங்க" என்று ஒரு மகராசன் யோசனை சொன்னார். இன்றைக்கும் அது தோட்டத்து மூலையில் பிணம் மாதிரிக் கிடக்கிறது. பண்ருட்டியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்க்கிறேன், கடை வாசலில் புது ஷீட்டை அடுக்கி வைத்து விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடப்பாவிகளா, வாங்குகிறவனிடம் ஒரு வார்த்தை சொல்லி விற்றால் என்ன?

நீர் திரும்பக் கோக்காமல் இருக்க, நெஞ்சுக்குள் மருந்துப் பொடி தூவி நுரையீரல் உறையின் இரண்டு அடுக்குகளையும் ஒட்டவைத்தார்கள். பொடி என்றதும் டாக்டரை முறைத்தேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கீமோ (புற்றுநோயை அடக்க ஊசி வழியாக ஏற்றும் மருந்து). முடி போனது, ருசி போனது, இரண்டும் பாதி திரும்பியது. நோய் இப்போதைக்கு அடங்கியிருக்கிறது என்கிறார்கள். குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டார்கள், நானும் கேட்பதில்லை.

மூச்சு இழுத்தால் இடது பக்கம் மட்டும்தான் ஏறுகிறது. வலது பக்கம் என் உடம்பில் குடியிருக்கிற வேறு யாரோ போல அசையாமல் இருக்கிறது. மெஷினுக்கு மோட்டார் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் தைக்கிறேன், கொஞ்சம் படுக்கிறேன். முன்பெல்லாம் அடுத்த தீபாவளித் துணிக்கு இப்போதே ஒத்துக்கொள்வேன். இப்போது வாரத்துக்கு மேல் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

ஆனால் பேத்தியைப் பார்த்தால் முப்பது வருஷம் கணக்கு ஓடுகிறது. ஒரு காலை நேரம்தானே, அதனால் வருவது அபூர்வம் என்கிறார் டாக்டர். வராமலே போகட்டும். வந்தால் சொல்ல நான் இருக்க மாட்டேன். அதனால் வீட்டு விலாசம் சொல்லிக்கொடுப்பது போல இதையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். செந்தில் வீட்டில் நான் இருக்கும் நாளெல்லாம், அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது கேட்பேன்.

"நெஞ்சு வலின்னு டாக்டர்கிட்ட போனா மொதல்ல என்ன சொல்லணும்?"

ஷூவை மாட்டிக்கொண்டே பாட்டு மாதிரி சொல்வாள். "சின்னப் புள்ளையில எங்க வூட்டு ஷீட்ட ஒடச்சாங்க. நான் பக்கத்துல இருந்தேன்."