படத்தில் அறுந்த குழாய்

முதலில் இடது கை மரத்தது. தேத்தண்ணிக் கோப்பை நழுவி விழுந்து உடைந்தது. கால்மணி நேரத்தில் கை பழையபடி வந்துவிட்டதால் யாருக்கும் சொல்லவில்லை. இதே நிலையில் இருப்பவர்கள் அந்தப் பிழையைச் செய்யாதீர்கள். மூன்றாம் முறை வந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி (கழுத்துக் குழாய்) ஒடுங்கியிருக்கலாம் என்றார் டொக்டர். சி.ரி. ஸ்கான் (உடலைத் துண்டு துண்டாகக் காட்டும் கதிர்ப்படம்) எடுக்கச் சொன்னார். நகைகளைக் கழற்ற வேண்டுமாம். அன்று என் கணவர் கொழும்புத்துறையிலிருந்து மீன்பிடித் தொழிலுக்குப் போயிருந்தார். ஆள் கடலில் நிற்கையில் நாங்கள் தாலிக்கொடியைக் கழற்றுவதில்லை. கழற்றிவிட்டேன் என்று சொல்லி, பின்பக்கம் தள்ளிக் கொண்டைக்குள் செருகிக்கொண்டேன். அங்கே சனம் நிரம்பி வழிந்தது, யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த கிழமை டொக்டர் கணினியில் என் கழுத்தைச் சுழற்றிக் காட்டினார். சிவப்புக் குழாய்கள். வலப்பக்கக் குழாய் நடுவில் அறுந்து நின்றது. பயத்தோடு சந்தேகமும் வந்தது. தேங்காய் வாங்கினாலும் ஆட்டிப் பார்த்து எடுக்கிற ஆள் நான். அந்தச் சிவப்பை யார் பூசியது?

நூற்றுக்கணக்கான கறுப்பு வெள்ளைத் துண்டுகளைக் கணினி அடுக்குகிறது, எது குழாய் எது எலும்பு என்று வெளிச்சத்தை வைத்து ஊகிக்கிறது, நிறமும் அதுதான் கொடுக்கிறது என்றார். ஏதோ ஓர் அளவைக் கூட்டிக் குறைத்தார். குழாய் தடித்தது, மெலிந்தது.

“அப்ப இல்லாததையும் படமாக் கீறுமோ, டொக்டர்?”

“ஓம் அம்மா. இருக்கிறதை மறைக்கவும் செய்யும். அதாலைதான் நாங்கள் துண்டுகளையும் பாக்கிறனாங்கள்.”

துண்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளியவர் ஓரிடத்தில் நின்றார். வெள்ளைக் கீற்றுகள். கழுத்தில் என்ன இருந்தது என்று கேட்டார். வெட்கத்தோடு சொன்னேன். தங்கத்தால் விழுந்த கீற்று குழாயை மறைக்க, கணினி அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறது. இவ்வளவு நேரமும் இயந்திரத்தைச் சந்தேகித்தேன். பொய் சொன்னது நான்.

மறுமுறை ஸ்கானுக்குக் கணவரும் வந்தார். கொடியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படுத்தேன். குழாய் அறவில்லை. ஆனால் கீற்று மறைத்த அதே இடத்தில் நிஜமான ஒடுக்கம் இருந்தது. சத்திரசிகிச்சை செய்து அடைப்பை எடுத்தார்கள்.

பிறகு எடுத்த படத்தைக் காட்டி, இப்போது நம்புகிறீர்களா என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றேன். அவர் சிரித்தார்.

“எனக்கும் படம் மட்டும் போதாது. கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு கையையும் முன்னாலை நீட்டுங்கோ.”

மூளைக்கு ரத்தம் குறைந்தால் பலம் குறைந்த கை தானாக இறங்குமாம். பத்து வரை எண்ணினார். இடது கை இறங்கவில்லை.

இன்றும் எழும்பியதும் கண்ணை மூடிக் கைகளை நீட்டி எண்ணுகிறேன். நீட்டியபடிதான் இருக்கிறது என்று கை சொல்லும். அதை நம்பாமல் கண்ணைத் திறந்து பார்ப்பேன். பத்துக்குப் பிறகுதான் எனக்கு விடிகிறது.