ஆராம் காடி

எட்டு வருஷம் போர்ட் பிளேரில் இருந்தும் சந்திரமதிக்கு இந்தி வரவில்லை. வரவேண்டிய அவசியம் நேரவில்லை என்பதுதான் காரணம். டிலானிப்பூர் மேட்டில் அவள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தமிழ்க் குடும்பங்கள். சாமான் வாங்குகிற கடை ராமநாதபுரத்து ராவுத்தருடையது. அதற்கு மேல் வெளியில் ஏதாவது பேச வேண்டியிருந்தால் புருஷன் பேசுவார். பேசிவிட்டு வந்து இவளிடம் தமிழில் சொல்வார். அவர் சொன்னதுதான் அவளுக்கு உலகம் சொன்னது.

புருஷன் பன்னீர்செல்வம் கான்ட்ராக்டர். கடலூரிலிருந்து மேஸ்திரியாகக் கப்பலேறி வந்தவர், அரசாங்கக் கட்டடங்களுக்கு மணலும் ஜல்லியும் போட்டு மேலே வந்தார். அவருக்கு இந்தி வந்த இடம் சாத்தம் ஜெட்டி. தெலுங்குக்காரன், வங்காளி, ராஞ்சிக்காரன் என்று கலந்து நிற்கிற கூலியாட்களை வைத்துக் கப்பல் சரக்கை இறக்க வேண்டும். 'உட்டாவ்' என்றால் தூக்கு. 'சோடோ' என்றால் விடு. 'காடி' என்றால் வண்டி. 'ஆராம் சே' என்றால் மெதுவாக, அலுங்காமல் இறக்கு. கண்ணாடிப் பெட்டி இறங்கும்போது தொண்டை வறளக் கத்துவது இதைத்தான். இப்படிச் சேர்த்த சொற்களைக் கொண்டே அவர் என்ஜினீயர்களிடமும் பேசினார். ஒரு நாளும் ஒரு சிக்கல் வந்ததில்லை.

சந்திரமதிக்கு இரண்டு கர்ப்பம் கலைந்திருந்தது. முதலாவது கல் உடைக்கும் முகாமில், மழையில், யாருக்கும் தெரிவதற்கு முன்பே போய்விட்டது. இரண்டாவது, கோயிலுக்குப் போய்விட்டு ஜீப்பில் திரும்பிய அன்று. அந்த ஜீப் சண்டைக் காலத்துப் பழசு; ஏலத்தில் எடுத்தது. பள்ளத்தில் இறங்கினால் தலை கூரைத் துணியில் இடிக்கும். "ஜீப்புல போட்டு உலுக்கினா எப்படித் தங்கும்?" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். சொன்னது அவள் மனசில் ஆணியாக இறங்கிவிட்டது.

மூன்றாவது தடவை மூன்று மாசம் தங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் வடக்கத்திக்காரர், இளவயசு, வேகமாகப் பேசுகிறவர். சோதித்துவிட்டுப் பன்னீர்செல்வத்திடம் நிறையச் சொன்னார். இரண்டு கையையும் விரித்து, தாழ்த்தி, கண்ணை மூடிக் காட்டினார். பன்னீர்செல்வம் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். வெளியில் வந்ததும் சந்திரமதி கேட்டாள்.

"என்னங்க சொன்னாரு?"

"ஆராம், ஆராம்னு அடிச்சு அடிச்சு சொல்றாரு. உன்னைய அலுங்காம வச்சுக்கணுமாம். கண்ணாடிப் பெட்டி கணக்கா. காடி பத்தியும் சொன்னாரு." ஜீப்பை ஒரு பார்வை பார்த்தார். "இந்தச் சனியன் உனக்கு இனி ஆகாது. நல்ல வண்டி ஒண்ணு எடுத்துடறேன். ஆராம் காடி."

அவர் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மெட்ராஸ் மவுண்ட் ரோடில் தெரிந்த புரோக்கர் ஒருவனுக்கு அன்றைக்கே தந்தி அடித்தார். வெள்ளைக்காரக் கம்பெனி துரைகள் ஊரைவிட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போகிற வண்டிகள் அவன் கையில் வரும். அடுத்த கப்பலில் இரண்டு போட்டோ வந்தன.

முதல் போட்டோவில் இருந்தது கறுப்பு அமெரிக்க வண்டி. முன் சீட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே மெத்தை. பின்சீட்டில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். பள்ளத்தில் இறங்கினாலும் ஊஞ்சல் மாதிரி ஒரு அசைவுதான் தெரியும் என்று புரோக்கர் சொல்லி அனுப்பியிருந்தான். இரண்டாவது பச்சை நிறத்து இங்கிலீஷ் வண்டி. அதற்கும் நாலு கதவு, உள்ளே தோல் சீட்டு, தேக்குப் பலகை எல்லாம் உண்டு. ஆனால் நீண்ட மூக்கோடு, தரையோடு தரையாகப் பதுங்கி, பாயப் போகிற பூனை மாதிரி இருந்தது. மிதித்தால் பறக்கும் என்றார்கள்.

பன்னீர்செல்வம் இரண்டு போட்டோவையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அபர்டீன் பஜாருக்குப் போனார். ஒரு வாரத்தில் பஜாரே இரண்டு கட்சியாகிவிட்டது. டீக்கடை பெஞ்சில் கறுப்புக்குப் பெயர் ஆராம் காடி, பச்சைக்குப் பெயர் ரேஸ் காடி. ஜவுளிக்கடைக்காரர் ஆராம் கட்சி. ஹார்பரில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் ரேஸ் கட்சி.

"மொதலாளி, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றான் டிரைவர் அலி அக்பர். பரமக்குடிக்காரன், வாய் ஓயாதவன். "ரேஸ் காடி எடுத்து எங்க ஓட்டுறது? நாலாவது கியர் போடுறதுக்குள்ள கார்பின்ஸ் கோவ் கடற்கரை வந்துரும். அப்புறம் தண்ணிக்குள்ள ஓட்டுறதுக்கு எனக்கு லைசன்ஸ் இல்ல."

"போடா. உனக்கு ஜீப்பே அதிகம்."

"அக்காவுக்காகத்தானே வண்டி? அப்ப கறுப்பை எடுங்க. பச்சையில அக்கா ஏறி உக்காரணும்னாலே குனிஞ்சு பாதாளத்துல இறங்கணும்."

"அதான்டா எனக்கும் தெரியுது," என்றார் பன்னீர்செல்வம். தெரிந்ததே தவிர கை பச்சைப் போட்டோவை விடவில்லை. சாப்பிடும்போது தண்ணீர்ச் சொம்பில் அதைச் சாய்த்து வைத்துக்கொள்வார். சின்ன வயசில் கடலூரில் ஒரு துரை அப்படிப்பட்ட வண்டியில் போனபோது புழுதிக்குள் பின்னாலேயே ஓடியிருக்கிறாராம். அதை ஒரு தடவை சொன்னார். பிறகு சொன்னதற்கே வெட்கப்பட்டவர் போல, "கறுப்புதான் எடுக்கப் போறேன், ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றார்.

ஆனால் முடிவு எடுக்கவில்லை. தை மாசத்துக் கப்பல் போயிற்று. மாசிக் கப்பலும் போயிற்று. ஒவ்வொரு கப்பலிலும் மெயின்லேண்டுக்குப் போகிறவர் யாராவது ஒருவர் இரண்டு வண்டியையும் நேரில் பார்த்து வந்து சொல்லவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பார்த்து வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

சந்திரமதி ஒரே ஒரு தடவை கேட்டாள். "சீக்கிரம் ஒண்ணை முடிவு பண்ணுங்களேன். அதுவரைக்கும் நான் என்ன பண்ண?"

"அதுவரைக்கும் ஜீப்புல ஏறாத. அவ்வளவுதானே."

அவள் ஏறவில்லை. வாரா வாரம் ஊசிக்கு ஆஸ்பத்திரி போகவேண்டும்; நடந்து போனாள். போர்ட் பிளேரில் சமதரை என்று எங்கே இருக்கிறது? இறங்கினால் ஏறவேண்டும். அந்த வருஷம் மாசியிலேயே குழாய் வற்றிவிட்டது. மேட்டுக்குக் கீழே இருந்த கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தூக்கி வந்தாள். வேலையாட்களுக்கு இரண்டு வேளை அவள்தான் பொங்கிப் போட்டாள். இதெல்லாம் அவளுக்கு ஒரு பாரமாகவே தோன்றவில்லை. ஜீப்பில் ஏறாதவரை குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று அவள் முழுசாக நம்பினாள். அடிவயிறு இழுத்துப் பிடித்த நாளிலும், நல்லவேளை நடந்துதான் வந்தோம் என்று நினைத்தாள்.

அலி அக்பர் ஜீப்பை அவள் நடைக்குச் சமமாக உருட்டிக்கொண்டே வருவான். "அக்கா, வெயிலு கொல்லுது. ஏறிக்குங்க. பூ மாதிரி ஓட்டுறேன்."

"நீ பூ மாதிரி ஓட்டுவ. ரோடு?"

"ரோட்டையும் திட்டிக்கிட்டே ஓட்டுறேன்."

அவள் சிரித்துக்கொண்டே நடந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. உள்ளே அசைவும் தெரிந்திருந்தது. மற்ற இரண்டும் அந்த அளவுக்கு வந்ததில்லை.

பங்குனிக் கடைசியில் பன்னீர்செல்வம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கறுப்பு என்று சொல்லி அனுப்பினார். அன்று பஜாரில் ஆராம் கட்சிக்காரர்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்த கப்பலில் வண்டி ஏறும் என்று பேச்சு.

கப்பல் மெட்ராஸை விட்டுக் கிளம்புமுன் ஒரு காலையில், கிணற்றுப் படியில் குடத்தோடு நின்ற சந்திரமதிக்குக் கால் வழியே ரத்தம் இறங்கியது. அன்றைக்கு ஜீப்பில்தான் கொண்டுபோனார்கள். ஆண் குழந்தை. அழவில்லை.

மறுநாள் டாக்டர் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகத்தில் கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில் வருத்தமும் இருந்தது. கேள்வி மாதிரி ஒன்றைச் சொன்னார். அதில் ஒரு சொல் சந்திரமதிக்குத் தெரிந்த சொல்.

"ஆராம் நஹீ கியா?"

"இன்னும் வரலீங்க," என்றாள் அவள். "அடுத்த கப்பல்ல வருது."

டாக்டர் பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் ஜெயலட்சுமி திருச்சிக்காரி. மாயாபந்தரிலிருந்து மாற்றலாகி வந்து நாலு நாள்கூட ஆகவில்லை. "என்னம்மா வரல?" என்று கேட்டாள்.

"ஆராம் காடிங்க. அவுங்க சொல்லிவிட்டுட்டாங்க. கறுப்பு."

ஜெயலட்சுமி டாக்டரிடம் இந்தியில் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

"காடியா? டாக்டர் காடியைக் கேக்கல. ஆராம்னா ஓய்வும்மா. படுக்கை. மூணாம் மாசமே உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேங்கறார். வண்டியில ஏறக் கூடாது, நடக்கக் கூடாது, வெயிட்டு தூக்கக் கூடாது, படுத்தே கெடக்கணும்னு. நீ என்ன பண்ணின?"

 "நடந்தேன்," என்றாள் சந்திரமதி. "நடந்துதான் வந்தேன், சிஸ்டர்."

ஜெயலட்சுமி அதை இந்தியில் டாக்டருக்குச் சொல்லவில்லை. அவர் நகர்ந்ததும் கட்டிலில் உட்கார்ந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடும்மா. உன் ஒடம்புல ஒரு குறையும் இல்ல. அடுத்த தடவை மூணாம் மாசத்துலேர்ந்து எழுந்திரிக்காம கெட. தங்கும். நான் இங்கதானே இருக்கேன்."

நல்ல சொல்தான். ஆனால் சந்திரமதியின் காதில் அடுத்த தடவை என்பது விழவில்லை. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை. திரும்ப ஒரு தடவை. கிணற்றுக்கு எத்தனை தடவை. ஒவ்வொன்றாக அவள் திரும்பவும் நடந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு பன்னீர்செல்வம் பகலெல்லாம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தாடி எடுக்கவில்லை. வேலைக்கும் போகவில்லை. அவர் அழுததை அவள் பார்த்தாள். அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தாள்.

"ஏங்க, டாக்டர் அன்னைக்கு ஆராம்னு சொன்னாரே..."

"சொன்னாரு, சொன்னாரு. நான்தான் காதுல வாங்காம நாளைக் கடத்திட்டேன்." நெற்றியில் அடித்துக்கொண்டார். "தையிலயே கறுப்பை எடுத்திருந்தா எம்புள்ள இருந்திருப்பான். எல்லாம் அந்தப் பச்சைச் சனியனால வந்தது. இனி அந்தப் பேச்சே கிடையாது. கறுப்பு வரட்டும். அடுத்த தடவை உன்னைய அதுல பூவா வச்சுத் தாங்குறேன், பாரு."

அவள் அவரைப் பார்த்தாள். எடுத்துச் சொல்ல எத்தனையோ வார்த்தை வேண்டியிருந்தது. சொன்னால் அவர் இந்தக் குற்றத்தை இறக்கிவிட்டு இன்னும் பெரிய ஒன்றைத் தூக்கிக்கொள்வார். தூக்கிக்கொண்டு மறுபடியும் அடுத்த தடவை என்பார். கறுப்பு வண்டி வாசலில் வந்து நின்றால் தினமும் அதையே சொல்லிக்கொண்டு நிற்கும். காலி மெத்தையோடு.

"பச்சையே எடுங்க," என்றாள்.

"என்ன?"

"எனக்குப் பச்சைதான் புடிச்சிருக்கு. மாத்திச் சொல்லி விடுங்க."

"குலுங்குமே புள்ள. உனக்கு..."

"பரவால்ல. கப்பல் இன்னும் கெளம்பலேல்ல?"

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். உனக்காகத்தான், நீ கேட்டதால்தான் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். நெசமாவா என்று ஒரு தடவை கேட்டார். அவர் முகம் துக்கமாகவே இருக்கப் பாடுபட்டது. ஆனாலும் கண்ணுக்குள், புழுதியில் வண்டிக்குப் பின்னால் ஓடிய பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். தந்தி ஆபீஸ் மூடுவதற்குள் போகவேண்டும் என்று சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, அதே அவசரத்தில் மேட்டை இறங்கினார்.

சந்திரமதி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, வீட்டில், பகலில், எழுந்திருக்காமல் அவள் படுத்தே கிடந்தாள்.

மழைக்கு முன்னால் வந்த கப்பலில் பச்சை வண்டி வந்தது. சாத்தத்தில் அது இறங்குவதைப் பார்க்க ஒரு கூட்டம். பன்னீர்செல்வம் சாவியை அலி அக்பரிடம் கொடுக்கவில்லை. அவனைப் பின்சீட்டில் மடக்கி உட்கார வைத்து, சந்திரமதியைத் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, கடற்கரைச் சாலைக்கு விட்டார். வண்டி சொன்னபடியே இருந்தது. தென்னை மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பின்னால் போயின. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் தாழ்வாகக் கடல்.

"பயமா இருக்கா?" என்று கத்திக் கேட்டார்.

"இல்லங்க. இன்னும் வேகமாப் போங்க."

"பாத்தியாடா அலி! ரேஸ் கட்சி!" அவர் சிரித்தார். மாசக்கணக்கில் இல்லாத சிரிப்பு.

அலி அக்பர் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து அவனுக்குத் தெரிந்தது அவள் முகத்தில் ஒரு பக்கம் மட்டும். முன்னால் வளைவு வருகிறது. அவள் சாலையைப் பார்க்கவில்லை, வளைவுக்கு அப்பால் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவின் கைப்பிடிமேல் அவள் விரல்கள் இருந்தன.

"மொதலாளி, வண்டிய நிறுத்துங்க," என்றான்.

என்ஜின் சத்தத்தில் பன்னீர்செல்வத்துக்கு அது கேட்கவில்லை. அலி அக்பர் முன்னால் எக்கி, கதவையும் அவள் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழிய இன்னொரு தடவை கத்தினான்.