பத்தாவது நிமிடத்தில் கலைந்த எழுத்துகள்

பிரான்சிஸ்காவைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. அவள் கை பட்டால் செத்த றேடியோவும் பாடும் என்பது ஒன்று. பாடினாலும் திருப்பித் தரமாட்டாள் என்பது மற்றது. இரண்டும் உண்மை. மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையை நடுவில் பலகை அடித்து நானும் அவளும் பதினொரு வருடம் பங்கு போட்டிருந்தோம். என் பாதியில் தையல் மெசின். அவள் பாதியில் வயிறு பிளந்த றேடியோக்கள். ஆகவே அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

றேடியோக்காரர் வந்து வாசலில் நிற்பார். உள்ளே றேடியோ கணீரென்று பாடிக்கொண்டிருக்கும். இவளோ நாளைக்கு வாங்கோ என்பாள்.

"பாடுதுதானே, குடுத்துவிடன்" என்பேன் நான்.

"பாடுது பரமேஸ். ஆனா ஏன் நிண்டது எண்டு இன்னும் தெரியேல்லையே" என்பாள்.

அவளுடைய தகப்பன் தலைமன்னார் இறங்குதுறையில் வேலை செய்தவர். கப்பலில் வந்தவர்கள் விட்டுப்போகும் உடைந்த ட்ரான்சிஸ்டர்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். அவற்றைக் கழற்றிக் கழற்றித்தான் இவள் தொழிலைப் பிடித்தாள். ஒருமுறை பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, தன் கைக்கடிகாரம் பிந்தி ஓடுகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். தேத்தண்ணி ஆறுவதற்குள் கடிகாரம் மேசையில் பதினேழு துண்டாகக் கிடந்தது. கடிகாரம் திருந்தியது, கலியாணம் நின்றது. அதற்காக அவள் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

எண்பத்தெட்டாம் ஆண்டு ஜூலை மாதம், இந்தியன் ஆமி இருந்த காலம், பேசாலையில் இருந்து யாகப்பர் வந்தார். அறுபதை நெருங்கிய கடற்தொழிலாளி. கையில் சாரத்தால் சுற்றிய ஒரு பொதி. வழியில் மூன்று சோதனைச் சாவடியில் அவிழ்த்துக் காட்டியிருக்கிறார். உள்ளே இருந்தது ஒரு கொம்பியூட்டர். இப்போது உள்ளவை போல அல்ல. தட்டச்சு மெசின் அளவில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். ரிவியில் கொழுவினால் ரிவிதான் அதற்குத் திரை. அந்தக் காலத்திலேயே அது பழைய சாமான்.

"என்ர மூத்தவன் பேதுரு கொழும்பில படிக்கேக்க வாங்கினது பிள்ளை" என்றார் யாகப்பர். "போன கிழமை மருமகன் வீட்டு ரிவியில போட்டுப் பாத்தம். முதல் நல்லா எழுத்து வருது. பிறகு எல்லாம் கலைஞ்சு ஓடுது. அவன் வரேக்க இது நல்லா இருக்கோணும்."

பேதுருவின் கதை எங்களுக்குத் தெரியும். எண்பத்தைந்தில் விடுமுறை முடிந்து கொழும்புக்குப் போகும்போது வழியில் பஸ்ஸை மறித்து அவனை இறக்கினார்கள். இறக்கியவர்கள் யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். யாகப்பர் மூன்று வருடமாக ஏறாத கந்தோர் இல்லை, கொடுக்காத மனு இல்லை. "நல்லாக்கித் தாறன் அண்ணை" என்றாள் பிரான்சிஸ்கா. ஆனால் அவளுடைய கண் ஏற்கெனவே பெட்டியின் திருகாணிகளை எண்ணிக்கொண்டிருந்தது.

முதலில் இந்தியாவைச் சந்தேகித்தாள். அக்கரை நிலையத்துப் படம் எங்கள் ரிவிகளில் கேட்காமலே வந்து விழும் காலம் அது. அன்ரனா வயரைக் கழற்றி எறிந்தாள். எழுத்துகள் அப்படியே கலைந்தன. பிறகு மின்சாரத்தைச் சந்தேகித்தாள். பக்கத்தில் மீனுக்கு ஐஸ் அடிக்கும் ஐஸ் வாடியில் மோட்டார் போட்டால் எங்கள் பல்ப் கண் சிமிட்டும். வாடி பூட்டிய ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து போட்டுப் பார்த்தாள். அன்றும் அதே கூத்துத்தான்.

ஒரு கொப்பியை எடுத்தாள். போட்ட நேரம், கலைந்த நேரம், எந்த எழுத்து எதுவாக மாறியது என்று வரிசையாக எழுதினாள். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடத்துக்குப் பக்கத்தில்தான் கலைகிறது. முதலில் ஒரு மூலையில் ஓர் எழுத்து கட்டமாகும். பிறகு பக்கத்தில் இருப்பது. பிறகு வரி முழுவதும் பக்கவாட்டில் நகரும். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அதைப் படம் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"பத்து நிமிசம் எண்டா சூடு" என்றாள். "பரமேஸ், விசிறு."

எனக்கு முடிக்க வேண்டிய கலியாணச் சட்டை கிடந்தது. இருந்தும் ஓலை விசிறியை எடுத்து விசிறினேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஓடிய எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தங்கள் இடத்துக்குத் திரும்பி வந்தன. விசிறுவதை நிறுத்தினேன், மறுபடியும் கலைந்தன. திரும்ப விசிறினேன், வந்தன. வெட்கத்தை விட்டுச் சொன்னால், கலியாணச் சட்டையை நான் மறந்தேபோனேன்.

சூடு என்றால் எந்தத் துண்டில் சூடு? பெட்டிக்குள் கறுப்புத் துண்டுகள் இருபதுக்கு மேல், பூரான் கால்கள்போல இரண்டு பக்கமும் கால் வைத்து இருந்தன. ஆஸ்பத்திரியில் வேலை செய்த மாக்கிறட்டிடம் வெறும் ஊசிமருந்துக் குப்பி ஒன்று வாங்கிவந்தாள். ஐஸ் வாடியில் வாங்கிய ஐசை நொறுக்கி அதில் அடைத்து, வெளியே துணியால் நன்றாகத் துடைத்து, ஒவ்வொரு துண்டின் முதுகிலும் வைத்தாள். நான் ரிவியைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"இல்லை... இல்லை... இதுவும் இல்லை... நில்! வந்திட்டுது!"

ஓரத்து வரிசையில் எட்டுத் துண்டுகள். அங்கே குப்பி இருந்தால் எழுத்து நிற்கிறது. அவற்றில் ஒன்றை மெதுவாகக் கிளப்பினாள். கால்கள் பழுப்பு நிறத்தில் பிசுபிசுத்தன. மோந்து பார்த்தாள். என்னிடமும் நீட்டினாள். மன்னாரில் பிறந்த யாருக்கும் தெரிந்த மணம். வள்ளத்து என்ஜினுக்குப் பூசும் கிறீஸ்.

சங்கதி அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. கிறீஸில் உப்பும் மண்ணும் கலந்திருக்கிறது. குளிரில் அது கட்டியாகக் கிடக்கிறது. பெட்டி சூடேறியதும் உருகிக் காலுக்குக் கால் ஒழுகுகிறது. உப்பு வழியே மின்சாரம் போகக் கூடாத இடத்துக்குப் போகிறது. எழுத்து கலைகிறது. சந்தோஷத்தில் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அதே வேளையில்தான் யாகப்பர் வாசல்படி ஏறினார்.

"வாங்கோ அண்ணை! பிடிச்சிட்டன். எந்தக் கழுதை இதுக்குள்ள கிறீஸ் பூசினது?"

யாகப்பர் தோளில் இருந்த துவாயை எடுத்துக் கையில் சுற்றினார்.

"நான்தான் பிள்ளை. மாசத்துக்கு ஒருக்கா."

எனக்கு நிலத்துக்குள் புகுந்துவிடலாம்போல் இருந்தது.

"உப்புக் காத்தெல்லே" என்றார் அவர். "என்ஜின் பிளக்கைப் பூசாமல் விட்டா ஒரு மழையில துருப்பிடிச்சுப் போகும். இதுவும் இரும்புக் கால்தானே எண்டு ஒவ்வொண்டாக் கழட்டிப் பூசிப்போட்டு அந்தந்த இடத்திலயே வைச்சன். நான்தான் பழுதாக்கினனான், என்ன?"

பொய் சொல்லிச் சமாளிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பிரான்சிஸ்காவுக்குப் பொய் வராது.

"ஓம் அண்ணை. கிறீஸாலதான். ஆனா முப்பத்தாறு மாசம் கழட்டிப் பூட்டியும் ஒரு கால் வளையேல்லை. என்னால ஏலாது உது. நான் சொன்ன சொல்லை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் கதிரையில் இருந்தார். அழுவாரோ என்று பயந்தேன். அவர் அழவில்லை. "அப்ப இனி என்ன செய்யோணும்?" என்று கேட்டார். கிழமைக்கு ஒருதரம் அரை மணித்தியாலம் போட்டுவிட்டாலே போதும், அந்தச் சூட்டில் ஈரம் போய்விடும் என்று அவள் சொன்னாள். பல் துலக்கும் பிரஷ் ஒன்றும் ஸ்பிரிட்டும் எடுத்து இருவருமாக எட்டுத் துண்டுகளின் கால்களையும், அவை இருந்த குழிகளையும் துடைத்தார்கள். பூட்டியபின் பத்து நிமிடம் பார்த்தோம். இருபது நிமிடம் பார்த்தோம். ஓர் எழுத்தும் அசையவில்லை.

"இன்னும் ஒண்டு" என்று யாகப்பர் சட்டைப் பையில் இருந்து ஒரு கசற்றை எடுத்தார். "அண்டைக்கு வெளிக்கிடேக்க, இது உங்களுக்குத்தான் அப்பா, அடுத்தமுறை வந்து காட்டுறன் எண்டவன். நான் போடேல்லை. அவன் வரட்டும் எண்டு வைச்சிருந்தனான்." சற்று நிறுத்தி, "இப்ப போடுவம்" என்றார்.

அந்தக் காலத்தில் கொம்பியூட்டருக்கு எழுதுவதைக் கசற்றில்தான் பதிந்து வைப்பார்கள்; பிரான்சிஸ்கா அதை ஒரு கசற் றெக்கோடரில் போட்டுப் பெட்டியோடு கொழுவினாள். கசற் கீச்சுக் கீச்சென்று கத்தியது. நான்கு நிமிடம் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். பிறகு திரை வெளுத்து, ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது. பிரான்சிஸ்கா வாசித்தாள்: "அப்பா, இண்டைக்கு என்ன திகதி?"

அவள் எண்பத்தெட்டு ஜூலை பதினெட்டு என்று தட்டினாள். உடனே கீழே விழுந்தது: "அமாவாசை கழிந்து மூன்று நாள். பூரணைக்குப் பன்னிரண்டு நாள்." நிலாவை வைத்துத் தகப்பன் வலை போடும் நாட்களைப் பார்ப்பதற்காக மகன் எழுதியிருக்கிறான்.

யாகப்பர் திரைக்குக் கிட்டக் குனிந்தார். "மூண்டோ?" என்றார். "பிழை. இண்டைக்கு நாலு."

கடலில் நாற்பது வருடம் இருந்தவர் சந்திரனில் பிழை விடமாட்டார். பிரான்சிஸ்கா அவன் எழுதிய வரிகளைத் திரையில் வரவழைத்து விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. அவள் முகம் மாறியதைக் கண்டேன்.

"வருசத்துக்கு முந்நூற்று அறுபத்தைஞ்சு நாள் எண்டு எண்ணியிருக்கிறான் அண்ணை. இந்த வருசம் பெப்ரவரி இருபத்தொன்பது வந்ததெல்லே. அந்த நாளைச் சேர்க்கேல்லை."

எண்பத்தைந்தில் எழுதியவனுக்கு எண்பத்தெட்டு எவ்வளவு தூரமாக இருந்திருக்கும். அதற்குள் எத்தனை தரம் வீட்டுக்கு வந்து போகலாம் என்று அவன் நினைத்திருப்பான்.

"ஒரு வரிதான்" என்றாள் அவள், குரலைத் தணித்து. "இப்பவே திருத்திவிடலாம்."

"வேண்டாம் பிள்ளை" என்றார் யாகப்பர். "தொடாதேங்கோ. அவன் வந்து திருத்தட்டும். அதுவரைக்கும் நான் ஒரு நாளைக் கூட்டிப் பாக்கிறன்."