சிமெண்டுத் தரையில் மணல்

எங்கள் அதிகாரி தன் பங்களாவின் பின்புறம் இரண்டு கறவை மாடுகள் வைத்திருந்தார். நெய்வேலியில் எல்லாமே புதிதாக எழும்பிக்கொண்டிருந்த காலம். மாட்டுக் கொட்டகைக்கும் சிமெண்டுத் தரை போட்டு, தினமும் கழுவச் சொல்லியிருந்தார். மாடுகளுக்குத்தான் அதன் அருமை தெரியவில்லை. படுக்காமல் நின்றுகொண்டே இருந்தன, பாலும் குறைந்தது.

அவற்றைப் பார்த்துக்கொள்ளக் காடாம்புலியூரிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. மாடு கட்டுமிடத்தில் முதலில் தன் முழங்காலை ஊன்றி அழுத்திப் பார்ப்பது அவர் வழக்கம். வந்த வாரமே சிமெண்டின் மேல் மணலைக் கொட்டிப் பரப்பினார். மாடுகள் படுத்தன. பால் கூடியது.

ஒருநாள் காலை நான் கோப்புகளோடு போயிருந்தபோது அதிகாரி கொட்டகைக்கு வந்தார்.

“இதென்ன மணல்? ரெண்டும் சோம்பேறித்தனமா படுத்திருக்கே!”

“படுத்துக்கினு அசைபோடறதுதாங்க அதுங்களுக்கு ஷிப்டு.”

அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. “மணலை வாரி வெளியே போட்டுட்டு நீயும் கிளம்பு.”

“அதுங்க எழுந்ததும் வாரிடறேங்க” என்று அவர் குந்திக்கொண்டார்.

மேற்பார்வை இல்லாமல் எந்த வேலையும் நடக்காது என்று நம்புகிறவர் எங்கள் அதிகாரி. அதனால் அங்கேயே நின்றார். நானும் நின்றேன். மாடுகள் எழ ஒரு மணி நேரமாயிற்று.

பிறகு மாட்டுக்காரர் மணலை வாரி, தரையைக் கழுவி, மாடுகளின் கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று அலுவலகத்துக்குத் தாமதமாக வந்ததற்கு அதே அதிகாரி எனக்கு மெமோ கொடுத்தார்.

மாட்டுக்காரர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் அதிகாரியை ஒரு மணி நேரம் நிற்க வைத்தது பணிவா, வேறேதாவதா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.